மரத்துப்போன கட்டைவிரல்

அடுப்பில் தஞ்சோங் டாவாய் கருவாடு தீய்கிறது என்றுதான் நினைத்தேன். தீய்ந்தது என் வலது கட்டைவிரல். சூடான சட்டியைப் பிடித்தபடி நின்றிருக்கிறேன். விரல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செமிலிங் பக்கத்து ரப்பர் எஸ்டேட் அது. சோறு வேகுமுன், கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் எல்லோரும் டாக்டராகிவிட்டார்கள். உணர்ச்சி இல்லாத விரல் என்றால் குஷ்டம்தான் என்று முடிவாயிற்று. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு ஊக்கோடு வந்து குத்திப் பார்த்தார்கள். குழாயடியில் என்னோடு சண்டை போட்டவள் மட்டும் உணர்ச்சி நன்றாக இருந்த இடது கையில் குத்திவிட்டு, சும்மா சோதனைக்கு என்றாள். என் வீட்டுக்காரர் உள்ளே புழுக்கம் என்று சொல்லி வாசலில் பாய் போட்டுக்கொண்டார். அன்று அடைமழை.

மாமியார் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதுதான் என்னை உலுக்கியது. குஷ்டம் என்று எழுதிவிட்டால் தொழுநோயாளிகள் குடியிருப்புக்கு அனுப்பிவிடுவார்கள். பிள்ளையைக் கண்ணால் பார்க்க முடியாது. பால் கட்டி மார்பு வலித்தது. அங்கிருந்த நரம்புகளுக்கு ஒரு குறையும் இல்லை.

எஸ்டேட்டில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் என்னை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் தள்ளியே உட்கார்ந்தார். டாக்டர் என் காது மடலைக் கீறி, எடுத்ததைக் கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். கிருமி இல்லை என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அழுகிறவளை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த டாக்டருக்குப் பாடம் நடத்த ஆள் கிடைத்து நாளாகியிருந்தது போலும். பெட்டியிலிருந்து வேறொரு கண்ணாடித் துண்டை எடுத்து வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு, முளைவிட்ட சின்ன வெங்காயம் போல ஓர் உருண்டை, சுற்றிலும் கிளைகள், ஒரு பக்கம் மட்டும் நீண்ட வால். இது சதையை அசைக்கிற நரம்பின் உயிரணு. சூட்டை உணர்த்துவது இதன் பங்காளி என்றார். அந்தப் பங்காளி முதுகெலும்பு ஓரம் உட்கார்ந்திருக்க, அதன் வால் விரல் நுனிவரை வருமாம். வாலைச் சுற்றிக் கொழுப்பு உறை. உறை நசுங்கினால் சேதி பாதி வழியில் நின்றுவிடும். துரை சொல்வது, எங்களை வேலை வாங்குகிற மண்டோர் வழியாக என்னிடம் வருவதைப் பார்த்திருக்கிறேன். என் விரல் சொல்வது மேலே போவதற்கும் ஒரு வழி உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது.

பிறகு என் வலது தோளைத் தொட்டுப் பார்த்தார். இரு பக்கமும் பால்வாளி தொங்கவிட்டுச் சுமக்கிற காண்டாக் கம்பு அங்கே காய்ப்பு ஏற்றியிருந்தது.

"இந்தக் கம்புதாம்மா நரம்ப நசுக்குது. சுமக்காம இருந்தா திரும்ப வளரும். நாளுக்கு ஒரு கடுகளவு."

டிரஸ்ஸர் எஸ்டேட் ஆபீசில் போய் அதை அப்படியே சொல்லத் தொடங்கினார். குஷ்டம் இல்லை என்பதுவரை துரை கேட்டார். மீதியைச் சொல்லுமுன் நாயைக் கூட்டிக்கொண்டு உலாவக் கிளம்பிவிட்டார். சாயங்காலம் ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி லயத்துக்கு வந்தார்.

"ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாருலா. காலையில பெரட்டுக்கு வந்துரு."

விடியுமுன் ஆள் எடுக்கிற வரிசைக்குத்தான் பெரட்டு என்று பெயர். குஷ்டமாக இருந்திருந்தால் என்னை அந்தக் கம்பைத் தொட விட்டிருக்கமாட்டார்கள். வெறும் நரம்பு கெட்டவளுக்கு அந்தச் சலுகை கிடையாது. கம்பை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டேன். பிள்ளை திரும்பி வந்த சந்தோஷத்தில் எனக்கு அது பெரிதாகவும் படவில்லை.

சில மாதங்களில் இடது கையும் மரத்தது. இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம், என் கைகள் அவனைப் பிடித்திருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன்.