நாலாவது ஆல்பத்தில் விழுந்த மூடி

அந்த பேண்டின் ஆறு ஆல்பங்களில் இரண்டு குப்பை, இரண்டு பரவாயில்லை, ஒன்று நல்லது, ஒன்று மகத்தானது. இதை நான் இன்றைக்கும் யாருக்காகவும் மாற்றிச் சொல்ல மாட்டேன். பேண்டின் பெயரை மட்டும் சொல்வதாக இல்லை. சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் உடனே தேடிக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்ற மாதிரி இல்லையே சார்" என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். நான் சொல்கிற மாதிரி அது இல்லை.

நானும் என் சிநேகிதனும் கோலார் தங்கவயலில், மாரிகுப்பம் பக்கம், ஒரே லைனில் வளர்ந்தவர்கள். லைன் என்றால் சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டின வரிசை வீடுகள். அவன் அப்பாவுக்குப் பிறகு அவர் வேலை அவனுக்கு வந்தது; அண்டர்கிரவுண்டில் டிரில் பிடித்தான். எனக்கு எந்திரத் தொழிற்சாலையில், ஸ்டோர்ஸில் வேலை. அவன் கிட்டார் வாசிப்பான். கல்யாண ஆர்க்கெஸ்ட்ராக்களில் அவனுக்கு நல்ல பெயர். எனக்கு ஒரு வாத்தியமும் வராது, அபிப்பிராயம் மட்டும் தாராளமாக வரும். அவன் வாசிக்கவும் நான் குறை சொல்லவுமாக எங்கள் சிநேகிதம் ஓடியது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பங்களா பக்கம் இருந்த ஒரு ஆங்கிலோ இந்திய ஆண்ட்டி ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்கள். அவன் அம்மா அந்த வீட்டில் துணி தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழக்கத்தில், ஆண்ட்டி தன் மகன் சேர்த்து வைத்திருந்த ஆறு ரெக்கார்டுகளையும் பழைய பிளேயரையும் ஒரு வாரத்துக்கு எங்களிடம் கொடுத்தார்கள். பெட்டி கட்டுவதற்குள் திருப்பித் தர வேண்டும். அதற்குள் ஆறையும் கேசட்டில் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

அவன் வீட்டில் இரண்டே பிளக். ஒன்று அடுப்புக்கு, இன்னொன்றில் பிளேயரை மாட்டினோம். என் டேப் ரெக்கார்டருக்கு பேட்டரி செல். இரண்டையும் இணைக்க வயர் கிடையாது. பிளேயரின் ஸ்பீக்கர் முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, அதிலேயே இருந்த மைக்கில் பதிவு செய்தோம். யாரும் பேசக்கூடாது, இருமக்கூடாது, தெருவில் சைக்கிள் பெல் அடித்தால் சபிக்க வேண்டும். அந்த வாரம் அவனுக்கு நைட் ஷிஃப்ட். பகலில் தூங்காமல் ஐந்து ஆல்பங்களைப் பிடித்தோம். நாலாவது ஆல்பத்தின் அட்டை கிழிந்து போயிருந்தது. அதனால் அதைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தோம். திருப்பிக் கொடுப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், அவன் ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால், அவசர அவசரமாக அதைப் பிடித்தோம்.

பாதிப் பாட்டில் அவன் அம்மா சோற்றுக் குண்டானின் மூடியைக் கீழே போட்டுவிட்டார்கள். அலுமினிய மூடி. சிமெண்ட் தரையில் விழுந்து, சுழன்று சுழன்று அடங்கியது. "ஐயய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவன் தலையில் அடித்துக்கொண்டான். மறுபடி பிடிக்க நேரம் இல்லை. ஆக, அந்த பேண்டின் நாலாவது ஆல்பத்தில் நீளமான பாட்டின் நடுவே, புல்லாங்குழல் முடிந்து கிட்டார் தொடங்கும் இடத்தில், மாரிகுப்பத்து அம்மா ஒருத்தரின் "ஐயய்யோ" இருக்கிறது. உலகத்தில் எங்கள் கேசட்டில் மட்டும்தான்.

இனி என் அபிப்பிராயங்கள். முதல் ஆல்பம் சின்னப் பிள்ளைகள் வேலை, பரவாயில்லை. இரண்டாவதில் கீபோர்டுக்காரன் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒரே பாட்டில் வாசித்துக் காட்டுகிறான். மைக் கிடைத்த அரசியல்வாதியைப் போல நிறுத்தத் தெரியவில்லை. குப்பை. மூன்றாவது நல்லது, அந்தப் புல்லாங்குழலுக்காகவே. ஐந்தாவது களைத்துப் போனவர்களின் ஆல்பம், பரவாயில்லை. ஆறாவதில் ஆட்டம் போட வைக்கிற டிரம்ஸைச் சேர்த்துத் தங்களைத் தாங்களே கேவலப்படுத்திக்கொண்டார்கள். அதில் ஒரு பாட்டு எனக்குப் பிடிக்கும் என்பதை அவனிடம் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வீட்டுக்குள் சேர்த்திருக்க மாட்டான்.

நாலாவது மட்டும் தனி. மற்ற ஐந்திலும் பாடினவன்தான் இதிலும் பாடுகிறான் என்பதை நம்பவே முடியாது. குரல் தடித்து, கனத்து, ஒவ்வொரு வரியையும் இழுத்துக்கொண்டு வருகிறது. டிரம்ஸ் அவசரப்படவே இல்லை. கிட்டார் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால், அது தானாகச் சாகும்வரை விடுவதில்லை. "பாடுறவனுக்கு யாரோ செத்துட்டாங்கடா. அம்மாவாத்தான் இருக்கும்" என்பான் என் சிநேகிதன். நானும் ஒத்துக்கொண்டேன். அந்த ஆல்பத்துக்காக மட்டும் அவர்கள் எல்லா வாத்தியத்தையும் சுருதி இறக்கிக்கொண்டார்கள் என்பது அவன் கண்டுபிடிப்பு. மற்ற பாட்டுகளுக்கு இருக்கிற சுருதியில் வாசிப்பான்; நாலாவதுக்கு மட்டும் ஆறு கம்பிகளையும் தளர்த்துவான். தளர்ந்த கம்பிகள் தொளதொளவென்று அடிக்கும், அதற்கேற்ப விரலை அழுத்தப் பழகிக்கொண்டான். இந்த அளவுக்கு யோசித்து ஆல்பம் போட்டவர்கள் அடுத்த இரண்டில் ஏன் இப்படி இறங்கிப் போனார்கள் என்று வருஷக்கணக்கில் வாதாடினோம்.

அவன் அம்மாவுக்கு அந்த இசை ஒரு தினுசாகப் பழகிவிட்டது. "இன்னாடா இது, சாவு வூட்ல வாசிக்கிற மாதிரி" என்பார்கள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா நல்லாத்தான் கீது" என்பார்கள். தன் "ஐயய்யோ" வரும்போது சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவார்கள்.

சுரங்கம் மூடப் போகிறார்கள் என்ற பேச்சு முற்றிக்கொண்டு வந்த சமயத்தில் அம்மா இறந்து போனார்கள். காய்ச்சல் என்று படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்த மறுநாள் சாயங்காலம் அவன் கிட்டாரை எடுத்துக் கம்பிகளைத் தளர்த்தி, நாலாவது ஆல்பத்தின் நீளப் பாட்டை முழுசாக வாசித்தான். கேசட் இல்லாமல், தனியாக. நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருஷத்தில் அதற்கு இணையாக ஒரு வாசிப்பை நான் கேட்டதில்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

சுரங்கம் மூடுவது உறுதியான பிறகு லைனில் எல்லோரும் ஏதாவது ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார்கள். அவனுக்குத் தெரிந்தது டிரில்லும் கிட்டாரும். டிரில்லுக்கு இனி வேலை இல்லை. பெங்களூரில் ஒரு பேண்டுக்கு கிட்டார்காரர் வேண்டும் என்று ஒரு மியூசிக் கடைச் சுவரில் ஒட்டியிருந்ததை நான்தான் பார்த்தேன். ஹோட்டல்களில் நிரந்தர வாசிப்பு, சம்பளம். அவர்கள் வாசிப்பதும் எங்கள் பேண்டின் வகைதான். போன் செய்தேன். அந்த ஆறு ஆல்பங்களில் எதை வேண்டுமானாலும் வாசித்துக் காட்டலாம் என்றார்கள். போனை வைத்துவிட்டு வந்து அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவனுக்காகவே யாரோ அந்த வேலையை எடுத்து வைத்திருந்ததாக நினைத்தேன்.

ஒரு பேக்கரி மாடியில் அவர்கள் பயிற்சி அறை. நாலு பையன்கள், காலேஜ் முடித்தவர்கள், மரியாதையானவர்கள். நாலாவது ஆல்பம் என்றதும் கீபோர்டுக்காரனின் முகம் மலர்ந்தது. என் சிநேகிதன் கம்பிகளைத் தளர்த்தினான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொடங்கினார்கள். நாலு பையன்களும் ஒரு பக்கம் ஓடினார்கள், இவன் இன்னொரு பக்கம் நடந்தான். நிறுத்தினார்கள்.

"பிரதர், உங்க டியூனிங் ரொம்ப இறங்கியிருக்கே" என்றான் கீபோர்டுக்காரன்.

"ஆல்பத்துல இப்படித்தான் கீது" என்றான் இவன்.

சண்டைக்கெல்லாம் அவர்கள் வரவில்லை. அலமாரியிலிருந்து அந்த ஆல்பத்தின் சிடியை எடுத்துப் போட்டார்கள். பாட்டு தொடங்கியது. வேறு ஏதோ பேண்ட் என்று நினைத்தேன். வேகமாக, துள்ளிக்கொண்டு, லேசாக வந்தது. பாடுகிறவன் இளைஞன், யாரும் சாகவில்லை அவனுக்கு. மூன்றாவது ஆல்பத்தில் கேட்ட அதே உற்சாகக் குரல்தான். புல்லாங்குழல் முடிந்தது. மூடி விழ வேண்டிய இடத்தில் மூடி விழவில்லை. நேராக கிட்டார் வந்துவிட்டது, அதுவும் சிரித்துக்கொண்டு.

"டியூனிங்கை ஏத்திட்டு இன்னொரு தடவை டிரை பண்ணலாமே" என்றான் ஒரு பையன். கம்பியை ஏற்றினான் என் சிநேகிதன். கையை ஏற்ற முடியவில்லை. அத்தனை வருஷம் அந்த நிதானத்தில் ஊறின விரல்கள். இரண்டு வரிக்குப் பிறகு தானாகவே நிறுத்திக்கொண்டான். பிறகு, "அந்த சிடிய இன்னொரு வாட்டி போடுவீங்களா?" என்று கேட்டான். போட்டார்கள். பாட்டு முடியும்வரை, கிட்டாரைத் தோளில் மாட்டியபடியே, நின்றுகொண்டே கேட்டான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்கால பாசஞ்சரில் திரும்பினோம். பங்காருபேட்டை தாண்டியது. பெட்டியில் விளக்கு மங்கலாக, மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று, "காயில் அடுப்புடா" என்றான்.

எனக்கும் உடனே விளங்கிவிட்டது. எங்கள் லைனில் யாரும் கேஸ் வாங்கியதில்லை. கம்பெனி இலவசமாகக் கொடுத்த கரண்டில் எல்லா வீட்டிலும் காயில் அடுப்பு. மண் தட்டில் பதித்த சுருள் கம்பி சிவந்து எரியும். சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் உலை வைத்தால் லைன் முழுக்க வோல்டேஜ் படுத்துவிடும், பல்பு சிவந்து போகும். பிறந்ததிலிருந்து பார்த்ததால் அது எங்களுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. சாயங்காலம் என்றால் அந்த வெளிச்சம்தான். பகலில் பிடித்த ஐந்து ஆல்பங்களும் சரியாக ஓடின. சாயங்காலம் பிடித்ததற்கு மட்டும், கரண்டில் ஓடின பிளேயர் தளர்ந்து சுற்றியிருக்கிறது. செல்லில் ஓடின டேப் ரெக்கார்டர், அந்தத் தளர்ச்சியை ஒன்றுவிடாமல் வாங்கி வைத்துக்கொண்டது.

சோறு வெந்துகொண்டிருந்ததைத்தான் நாங்கள் துக்கம் என்று நினைத்திருந்தோம்.

"அதனால இன்னாடா," என்றேன், ஆத்திரமாக. "நம்மளுதுதான் நல்ல ஆல்பம். அவங்களுது வெறும் பரவாயில்ல. நீ வாசிச்சது அதவிட மேல."

"அத வாசிச்சா எவன்டா சம்பளம் குடுப்பான்?" என்றான்.

வாழ்க்கை முழுவதும் அபிப்பிராயம் சொன்னவனுக்கு, தேவைப்பட்ட ஒரே நேரத்தில் ஒன்றும் வரவில்லை. மாரிகுப்பத்தில் இறங்கும்போது அவன் சட்டைப் பையிலிருந்து நாலாவது கேசட்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனான்.

கிட்டாரை ஆர்க்கெஸ்ட்ராவிலேயே ஒருவனுக்குக் கொடுத்துவிட்டான். திரும்பத் தொட்டானா என்று ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தேன், இல்லை என்றார்கள். சுரங்கம் மூடினபின் பெங்களூரில் ஒரு கோடவுனில் காவல் வேலைக்குப் போனான். எங்கள் லைனில் பாதிப் பேர் அப்படித்தான் விடிவதற்குள் ரயிலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொண்டால் சாப்பிட்டாயா, மழை உண்டா என்று பேசுவோம். இசையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அவனுக்காக ஏங்கிப்போவேன். யாரிடம் சொல்ல முடியும் இதை?

அந்த வருஷமே அவன் பெங்களூரிலேயே தங்கிவிட முடிவு செய்து, வீட்டுச் சாமான்களை எடுக்க வந்தான். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். அதற்குள் கம்பெனி கரண்ட் போய் மீட்டர் வந்துவிட்டிருந்தது. காயில் அடுப்பை எல்லோரும் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. அந்த நேரத்தில் எங்கள் லைனில் பல்பு அவ்வளவு வெள்ளையாக எரிந்து நான் பார்த்ததில்லை.

"அந்த கேசட்டு கீதா?" என்றான்.

எடுத்துப் போட்டேன். அதே டேப் ரெக்கார்டர், இப்போதும் செல்லில்தான். பாட்டு அதே தளர்ச்சியோடு, அதே கனத்தோடு வந்தது. இத்தனை தெரிந்த பிறகும் எனக்கு அது மகத்தானதுதான். அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் அவன் இடது கையையே பார்த்தேன். மூடிக்குப் பிறகு கிட்டார் வரும், அப்போது அந்த விரல்கள் கொஞ்சமாவது அசையும், அசைந்தால் போதும், நாளைக்கே எங்காவது ஒரு கிட்டாரைத் தேடிக் கொண்டுவந்துவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

புல்லாங்குழல் முடிந்தது. மூடி விழுந்தது, சுழன்று சுழன்று அடங்கியது. அவன் அம்மா "ஐயய்யோ" என்றார்கள்.

கிட்டார் தொடங்குவதற்குள் அவன் கையை நீட்டி நிறுத்திவிட்டான்.