மேலே எதைப் போடுவது

சூலூருக்குப் பக்கத்தில், விசைத்தறிச் சத்தம் ஓயாத ஓர் ஊரில் இருக்கிறாள் வேலன் மகள் அன்புக்கரசி. வயது இருபத்து நாலு. பெருந்துறையில் பம்புக்கு வார்ப்பு ஊற்றும் ஃபவுண்டரி ஒன்றில் தரம் பார்க்கிற இன்ஜினியர். விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய வந்து சேருவாள். வந்ததும் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்வாள். அப்புறம் யார் எதைக் கேட்டாலும் "ம்" என்ற ஒரே பதில்தான்.

சின்ன வயதில் இப்படி இல்லை. கணக்கு கிடைத்தால் சோறு வேண்டாம் அவளுக்கு. பன்னிரண்டாவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாங்கிவிட்டு, அந்த ஒரு மார்க் எங்கே போனது என்று ஒரு வாரம் தேடினாள். இன்ஜினியரிங் சேர்ந்தால் நாலு வருடமும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கலாம் என்று நம்பினாள். அப்படி இல்லை என்று சொல்லத் தெரிந்தவர் அந்த ஊரில் ஒருவரும் இல்லை.

கலந்தாய்வுக்கு வேண்டிய கல்லூரிகளை வரிசையாகப் போட வேண்டும். கணினி மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும். அவரவர் ரேங்குக்கு எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிடும். அதற்குக் கீழே எட்டியும் பார்க்காது. கோயம்புத்தூர் அரசுக் கல்லூரியை மேலே போட வேண்டும் என்றாள் அன்புக்கரசி. பிரவுசிங் சென்டர் வரதராஜுலு தலையை ஆட்டினார்.

"கெடைக்காதத மேல போட்டா, கெடைக்கறதும் போயிருமுங்க. மொதல்ல உறுதியானதப் போடுங்க."

வேலனுக்கு உறுதி என்றால், வீட்டு வாசலுக்குப் பஸ் அனுப்புகிற கல்லூரி. அதையே மேலே போட்டார்கள். அதுவே கிடைத்தது. வேலன் ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தார். அவளுக்கு முந்நூறு ரேங்க் பின்னால் நின்ற ஒருவன் அந்த அரசுக் கல்லூரியில் சேர்ந்தது அப்புறம்தான் தெரிந்தது. அதைப் பற்றி அவள் வீட்டில் மூச்சு விடவில்லை. ஆசைப்பட்ட கணக்கும் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது. இப்போது நூறு வார்ப்பில் எத்தனை ஓட்டை என்று பார்க்கிறாளே, அதற்குப் பெயர் கணக்கா? இல்லவே இல்லை.

இந்த வருடம் தங்கை கயல்விழியின் முறை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வரிசையைப் பூட்டியாக வேண்டும். பூட்டுவதற்கான ஓடிபி வேலனின் போனுக்கு வரும். போன் அவர் சட்டைப் பையில் இருந்தது.

"அம்மணி, பஸ் வர்ற காலேஜ மேல போட்டுரு" என்றார் வேலன்.

"ஏனுங்கப்பா, புடிச்சதத்தான் மேல போடோணும். கெடைக்கலீன்னா கீழ இருக்கறது தானா வருமுங்க" என்றாள் அன்புக்கரசி.

"சந்தைல பெரிய கெடாய்க்கு வெல பேசிட்டு நிக்கறப்ப, சின்னக் கெடாய இன்னொருத்தன் புடிச்சுட்டுப் போயிட்டான்னா?"

கேள்வியில் தப்பில்லை. சந்தைக்கு அது சரிதான்.

"இது சந்தையில்லீங்கப்பா. கயலுக்குப் பின்னால நிக்கறவங்க ஆரும், இவ எடுத்து முடிக்கற வரைக்கும் கயித்தத் தொட முடியாது."

"அதெப்படித் தொடாம இருப்பான்?"

அடுப்படியிலிருந்து அம்மா மாசாணியம்மாள் குரல் கொடுத்தாள். "உங்கப்பன் பந்தில நாலாவது எலைல உக்காந்துட்டு, மொத எலைக்கு லட்டு வெச்சாலே தனக்குத் தீந்துருமோன்னு எட்டி எட்டிப் பாக்கற ஆளு. அவருக்குப் போயிச் சொல்றியே!"

கயல்விழி சிரித்துவிட்டாள். வேலன் சிரிக்கவில்லை.

அன்புக்கரசி தாளில் கட்டம் போட்டுக் காட்டினாள். ஒரு தரம், இரண்டு தரம். மூன்றாம் தரம் பாதியிலேயே பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ஆறு நாள் ஷிப்ட் உடம்பிலிருந்து இன்னும் இறங்கவில்லை. எதையோ போட்டுத் தொலையட்டும் என்றுகூட நினைத்தாள். அசந்த மனுஷிக்கு அப்படித்தான் தோன்றும், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

"உன்னையும் அப்படிப் போட்டுத்தான கண்ணு படிக்க வெச்சேன்? என்ன கொறஞ்சு போச்சு? வேல கெடைக்கலையா?" என்றார் வேலன்.

அவள் சாய்ந்தபடியே சொன்னாள். "எனக்கு அரசு காலேஜே கெடச்சிருக்குமுங்கப்பா. எனக்கு முந்நூறு பேரு பின்னால நின்னவனுக்குக் கெடச்சுது. நாம மேல போடுல. அவ்வளவுதான்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"எப்பத் தெரியும்?" என்றார் வேலன்.

"ஆறு வருசமாத் தெரியுமுங்க."

"ஒரு வார்த்த சொல்லுலியே?"

"சொல்லி என்னங்க பண்றது?"

கயல்விழி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அக்காவின் லேப்டாப்பில் கோயம்புத்தூரை முதலிலும், பஸ் வருகிற கல்லூரியை ஏழாவதிலும் போட்டாள். சட்டைப் பையில் போன் சிணுங்கியது. வேலன் அதை எடுத்து எட்டப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு இன்னும் புரியுல" என்றார். பிறகு, "நாலு… எட்டு… ரெண்டு…" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

பூட்டியாயிற்று. ஆனாலும் அவர் போனைக் கீழே வைக்கவில்லை.

"உனக்கு மறுக்கா ஒரு தடவ போட முடியாதா அம்மணி?"

"முடியாதுங்கப்பா" என்றாள் அன்புக்கரசி, கண்ணைத் திறக்காமலே.