நாங்களே போய்க்கொள்வோம்

கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை அண்ணன் அதன் பிறகு இரண்டு மூன்று தடவைதான் போட்டிருப்பான். அதில் ஒன்று, நகரத்திலிருந்து கேள்வி கேட்க ஆள் வந்த நாள். எழுபதுகளின் நடுவில் ஒரு மே மாதக் காலை. பொன்முடி மலையில் மஞ்சுமூட்டம் இன்னும் விலகவில்லை. தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்துக்கு முன்னால், எஸ்டேட் ஆபீசிலிருந்து தூக்கிவந்த நாற்காலியில் அந்த அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எஸ்டேட் கணக்கப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லயத்துச் சனம் முழுக்கச் சுற்றி நின்றது. அண்ணன் கழுத்துப் பொத்தான்வரை மாட்டி, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறவனைப்போல வந்து நின்றான். நாகர்கோவில் பக்கத்தில் ஒரு பள்ளியில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்து ஓர் ஆண்டு ஆகியிருந்தது. விடுமுறைக்கு வந்த நான், அண்ணனின் கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று பார்த்தேன். அன்று அண்ணன் நன்றாகத்தான் இருந்தான். ஒட்டிப்போயிருந்த கன்னத்தில் சதை பிடித்திருந்தது. இருந்தாலும் அவனுடைய சாவு அந்தக் காலையில்தான் தொடங்கியது என்று இன்றும் நினைக்கிறேன்.

எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவர். அவர் போனபிறகு வீட்டைத் தாங்கியவன் அண்ணன். தேயிலைத் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் அறையில் வேலை. அந்தச் சூட்டிலும் தூசியிலும் நின்று என்னைப் படிக்கவைத்தான். லயத்தில் சண்டையென்றாலும், பெண் கேட்டுப் போவதென்றாலும், மானேஜரிடம் ஒரு வார்த்தை பேசவேண்டுமென்றாலும் அவனைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். மலையாளம் சரளமாகப் பேசுவான். வாசிக்கத் தெரியாது. தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். ஆனால் அவனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு என்பது லயத்தில் யாருக்கும் தோன்றியதில்லை. தோன்றவும் விடமாட்டான்.

அதற்கு முந்தைய ஆண்டு இருமலில் ரத்தம் வந்தது. எஸ்டேட் மருந்தகத்தில் சிவப்புத் தண்ணீர் ஒன்றை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அப்போதுதான் சிஸ்டர் வந்தார். மலையடிவாரத்து அரசாங்க மருந்தகத்தில் நர்ஸ், நாஞ்சில் நாட்டுக்காரர், நாற்பது வயதிருக்கும். நோயாளி வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் அவர்கள் இருக்கிற இடத்துக்கே போய்ப் பார்ப்பது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர்களைக் கூடவே கூட்டிப்போய்க் காரியம் முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவது என்று ஒரு திட்டத்தை இலாகா அப்போது சோதனையாக நடத்திப் பார்த்தது. எங்கள் பக்கத்துக்கு இந்த சிஸ்டர்.

அண்ணனை அவர் முதல் பஸ்ஸில் நகரத்துக்கு அழைத்துப்போன கதையை மதினி நூறு தடவை சொல்லியிருப்பாள். கைக்குழந்தையோடு அவளும் போயிருந்தாள். நகரத்துப் பஸ் நிலையமான தம்பானூரில் இறங்கியதிலிருந்து சாயங்காலம்வரை சிஸ்டர் அவர்களை விட்டு நகரவில்லை. எந்த ஜன்னலில் சீட்டு வாங்குவது, எங்கே எக்ஸ்ரே, எந்த பெஞ்சில் காத்திருப்பது என்று எல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். டாக்டர் சொன்னதைத் திரும்பி நம் பேச்சில் சொல்லி, "உமக்கு வேற என்ன கேக்கணுமோ கேளும்" என்று அண்ணனை வாய்திறக்க வைத்தார். மத்தியானம் ஓட்டலில் அதே மேசையில், சயரோகக்காரன் என்று தெரிந்தும், அவனுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். மதினிக்கு ஆஸ்பத்திரியைவிட அந்தச் சாப்பாடுதான் பெரிய விஷயம். பிறகு மாதாமாதம் மாத்திரைகளை அவரே வாங்கிக்கொண்டு மலையேறி வந்தார். அண்ணன் அலுத்துக்கொள்வான், "இந்த அம்மாவுக்கு வேற சோலி இல்லை" என்பான். ஆனால் அவர் வருகிற அன்று குளித்துவிட்டுக் காத்திருப்பான்.

அந்தத் திட்டத்தால் என்ன செலவு, என்ன பலன் என்று அளந்து பார்க்கத்தான் அதிகாரி வந்திருந்தார். நல்ல மனிதர். மதினி பாலில்லாமல் போட்டுக் கொடுத்த கட்டன் சாயாவை மறுக்காமல் குடித்தார். ஒவ்வொருவரையும் பெயர் கேட்டு, மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாக விசாரித்தார். அண்ணனிடமும் எல்லோரிடமும் கேட்ட கேள்வியைத்தான் கேட்டார்.

"சிஸ்டர் கூட வரலைன்னு வச்சுக்கோ. அப்பவும் நிங்ஙள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்குமோ, இல்லையோ?"

அண்ணன் ஒரு முறை கணக்கப்பிள்ளையைப் பார்த்தான். ஒரு முறை சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தான்.

"பின்ன போகாம? நான் என்ன சின்னப் பிள்ளையா சாரே. தம்பானூர் எனக்குத் தெரியாத இடமா? அவங்க வந்தாங்க, சந்தோசம். வரலைன்னா நாங்களே போய்க்கிடுவோம்."

சனம் தலையாட்டியது. அவனுக்குப் பின் வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். அண்ணனே அப்படிச் சொன்னபிறகு, எனக்கு ஒருத்தர் துணை வேண்டும் என்று யார் வாய்திறப்பார்கள்? எஸ்டேட் மருந்தகத்தில் ஒன்றும் நடக்காது என்று கணக்கப்பிள்ளை காதுபடச் சொல்லவும் யாருக்குத் துணிச்சல்? அதிகாரி எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். அண்ணன் சட்டையைக் கழற்றி மடித்து மதினியிடம் கொடுத்தான். "மரியாதையா கேட்டாரு, என்ன?" என்றான்.

பூஜை விடுமுறைக்கு நான் வந்திருந்தபோது சிஸ்டர் வந்தார். அந்த மாதத்து மாத்திரைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, இனி மேலே வரமாட்டேன், மருந்தகத்திலேயே இருக்கவேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது என்றார். மாத்திரையை இனி நகரத்து ஆஸ்பத்திரியில் போய்த்தான் வாங்கவேண்டுமாம்.

மதினி பதறிப்போனாள். "நாங்க ஏதும் குறை சொல்லிட்டோமா சிஸ்டர்?"

"குறை சொல்லியிருந்தா பரவால்லியே. ஒருத்தரும் ஒரு குறையும் சொல்லலை. நான் வரலைன்னாலும் நீங்களே போயிருப்பீங்கன்னு எல்லாரும் சொன்னீங்களாம். அப்பம் ஒரு ஆளுக்காக ஒரு நாள் பூரா இவ எதுக்கு அலையணும்னு கேக்காங்க. அதும் நியாயம்தானே."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எங்களால் தாங்கியிருக்க முடியும். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க விசாரப்படாதீங்க. நான் போய் வாங்கிக்கிடுவேன்" என்றான். சிஸ்டர் ஆஸ்பத்திரிக்குள் போகிற வழியை விளக்க ஆரம்பித்தார். பெரிய வாசலில் நுழையவேண்டாம், பக்கத்துச் சந்து வழியாகப் போகவேண்டும், பலாமரம் தாண்டி இடப்பக்கம் என்று சொல்லும்போதே அவன், "தெரியும், தெரியும்" என்று தடுத்துவிட்டான்.

அடுத்த மாதம் அவன் தனியாகப் போனான். பலகாரப் பொட்டலமும் ஆரஞ்சுப் பழமுமாகச் சாயங்காலப் பஸ்ஸில் திரும்பினான். நோய் முழுக்கக் குணமாகிவிட்டது, இனி மாத்திரையே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னான். மதினி அழுதாள். அந்த வெள்ளிக்கிழமை லயத்துக்குக் கீழே இருக்கிற அம்மன் கோவிலில் சேவல் அறுத்து, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சோறு போட்டாள். மழைக்காலம் முடிவதற்குள் இருமல் திரும்ப வந்தது. அவனும் திரும்பத் திரும்ப நகரத்துக்குப் போய்வந்தான். வெறும் சளி என்றாராம் டாக்டர். ஒரு தடவை டானிக் புட்டி ஒன்றோடு வந்தான். டாக்டரே எழுதிக் கொடுத்தது என்றான். மதினி நம்பினாள். அண்ணன் சொல்லை நம்பாமல் இருந்து யாருக்கும் பழக்கமில்லை.

அடுத்த மே மாதம் நான் ஊருக்கு வந்தபோது, வாசலில் போர்வையோடு உட்கார்ந்திருந்தவனை அப்பா என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். மறுநாளே கிளம்பு என்றேன். கூட வரவேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். நான் விடவில்லை. வளைவுக்கு வளைவு அவன் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ எங்களை இறக்கிவிட்டது. நான் முதல் தடவையாக அங்கே வருகிறேன். "எந்தப் பக்கம் அண்ணே?" என்று கேட்டேன். "இப்படி வா" என்று முன்னால் நடந்தான். ஒரு தாழ்வாரம், ஒரு படிக்கட்டு, இன்னொரு தாழ்வாரம். நாங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் பச்சைக் குழந்தைகளோடு பெண்கள் படுத்திருந்தார்கள். வார்டு ஊழியர் ஒருவர் சத்தம் போட்டு எங்களை வெளியே அனுப்பினார். அண்ணன் முற்றத்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"எனக்கு எந்தப் பக்கம்னு தெரியாது தங்கச்சி."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "இத்தனை தடவை வந்தியே?" என்றேன்.

"ஒரே ஒரு தடவைதான் உள்ள வந்தேன். பலகையில என்ன எழுதியிருக்குன்னு தெரியலை. ஒருத்தன் காட்டின வரிசையில உச்சிவரைக்கும் நின்னேன். ஜன்னல்ல இருந்த பையன், இது இங்க இல்லைன்னுட்டு, 'வாயிக்கான் அறியில்லே', படிக்கத் தெரியாதான்னு எல்லாரும் கேக்கச் சத்தம் போட்டான். உன் வயசுதான் இருக்கும் அவனுக்கு. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. சீட்டை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு வந்துட்டேன்."

"அப்ப மத்த நாளெல்லாம்?"

"தம்பானூர்லதான் இருப்பேன். பஸ் வர்றதையும் போறதையும் பார்த்துக்கிட்டு. சாயங்காலப் பஸ் வந்ததும் ஏறிருவேன்."

"சிஸ்டர் இல்லாம முடியலைன்னு மதினிகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே."

அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "எப்படிச் சொல்ல? அத்தனை பேருக்கு முன்னால சொல்லிட்டேனே."

அன்றே அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். ஏன் பாதியில் மாத்திரையை நிறுத்தினாய் என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரிந்த மலையாளத்தில் நான் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்கவில்லை. இப்படிப் பாதியில் விட்டுவிட்டு வருகிறவர்களை நாள்தோறும் பார்ப்பவர் அவர். பழைய மாத்திரை பலிக்கவில்லை. விலை கூடிய மருந்தும் பலிக்கவில்லை. மதினி வேலையை விட்டுவிட்டு வார்டுத் தரையில் கிடந்தாள். நான் சம்பளமில்லாத விடுப்பில் லயத்தில் பிள்ளைகளோடு இருந்தேன். ஓணத்துக்கு முன்பே அவன் போய்விட்டான். மதினி அழும்போதெல்லாம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "சேவல் அறுத்தோமே பிள்ளே. ஊருக்கெல்லாம் சோறு போட்டோமே."

அந்த அதிகாரிமேல் எனக்குக் கோபம் வராமல் இல்லை. ஆனால் அவர் பொய்யாக ஒன்றும் எழுதவில்லை. சிஸ்டரின் சம்பளம், பஸ் செலவு, ஒரு நோயாளிக்காகப் போகிற ஒரு முழு நாள் எல்லாம் ஒரு பக்கம். அதற்கு எதிர்ப்பக்கத்தில் வைக்க வேண்டியதை எங்கள் வாயிலிருந்தே கேட்டார். நாங்கள் ஒன்றுமில்லை என்றோம். பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் படித்த தங்கைக்கும் நடுவில் ஒரு மனிதனை நிறுத்தி, உனக்கு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயமா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அண்ணன் மாதக்கணக்கில் படுத்த கட்டில், பலிக்காத மருந்து, மதினி இழந்த வேலை, தகப்பன் இல்லாத பிள்ளைகள் எல்லாமே வேறு இலாகாக்களின் செலவு, வேறு வருஷத்துச் செலவு. சிஸ்டரை நிறுத்தியதால் மிச்சமானதோடு இவற்றைச் சேர்த்துப் பார்க்க எந்த ஆபீசிலும் ஆள் கிடையாது. பார்த்திருந்தாலும், ஆஸ்பத்திரியின் நடுமுற்றத்தில் அண்ணன் தலைகுனிந்து நின்றதை எந்தப் பக்கம் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், மதினியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழியில் தம்பானூரில் நாகர்கோவில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள். சிஸ்டர். முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தார். இப்போது ஏதோ மருந்துக் கிடங்கில் இருக்கிறாராம், ஓய்வு பெறக் கொஞ்ச காலம்தான் பாக்கி. "ஒரு மனுஷ முகத்தைப் பாக்க வேண்டாம். பெட்டியை எண்ணினா போதும்" என்று சிரித்தார். லயத்தில் ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லி விசாரித்தார். அவருடைய பஸ் எடுக்கத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. படியில் ஒரு காலை வைத்தபிறகுதான் கேட்டார்.

"அண்ணன் எப்படி இருக்காரு? மாத்திரையெல்லாம் ஒழுங்கா முடிச்சாரா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதைக் கேட்டுவிட்டு, தன் ஊர் வரும்வரை அந்த பஸ்ஸில் அவர் தனியாக உட்கார்ந்து போகவேண்டுமே என்று தோன்றியது.

"முடிச்சுட்டான் சிஸ்டர். நல்லாயிருக்கான்."

"யாரு கூட்டிட்டுப் போனா?"

"அவனேதான் போய் வாங்கிக்கிட்டான்."

சிஸ்டர் கம்பியைப் பிடித்தபடி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லது" என்றார். பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "அப்பம் அந்த சார் எழுதினது சரிதான், என்ன?" என்றார்.

கண்டக்டர் மணியை அடித்தார்.