படம் எடுத்த நாளில் வராதவள்

எங்கள் பள்ளி கச்சிராயபாளையத்தைத் தாண்டி, மலைக்கு ஏறும் சாலையை ஒட்டி இருக்கிறது. பெண்கள் பள்ளி. நான் கள்ளக்குறிச்சியிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வரும் அறிவியல் ஆசிரியை. நூலகத்துக்கென்று தனியாக ஆள் கிடையாது. யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றபோது அது என் தலையில் விழுந்தது. ஆய்வகத்துக்குப் பக்கத்து அறை, சில இரும்பு பீரோக்கள், ஒரு நீள மேசை. மதியச் சாப்பாட்டு மணியிலிருந்து அடுத்த வகுப்பு தொடங்கும்வரை பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுப்பேன்.

கொடுப்பதில் ஒரு சிரமமும் இல்லை. யாருக்குக் கொடுத்தோம் என்பதில்தான் எல்லாச் சிக்கலும். பாதிப் பெண்கள் கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். மீதிப் பேர் அடிவாரத்தில் கரும்பு வெட்டப் போகிற வீடுகளிலிருந்து வருபவர்கள். ஊர்ச் சாமியின் பெயரையே வீட்டுக்கு வீடு வைத்திருப்பார்கள். ஒரே வகுப்பில் ஒரே பெயர், ஒரே இனிஷியல், சில சமயம் அப்பா பெயரும் ஒன்றே. ஒருத்தி வாங்கிப்போன புத்தகத்தை நான் இன்னொருத்தியிடம் கேட்டுவிட, அவளுடைய அம்மா கரும்புக்காட்டிலிருந்து அப்படியே கிளம்பி வந்து, "எம் பொண்ணு திருடியா டீச்சர்?" என்று வாசலில் நின்று கத்தியதும் உண்டு. அதனால், பள்ளியில் படித்துப் போன சிலர் சேர்ந்து ஒரு கணினியும் பார்கோடு படிக்கும் கருவியும் வாங்கிக் கொடுத்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. ஒவ்வொருத்திக்கும் படம் போட்ட அட்டை, அதில் ஒரு பார்கோடு. இனிமேல் ஆள் மாறாது என்று நினைத்தேன்.

படம் எடுக்க டவுனிலிருந்து ஓர் ஆள் வந்தார். வராந்தாவில் நீலத் துணி கட்டி, முக்காலி போட்டு, வருகைப் பதிவேட்டு வரிசைப்படி உட்காரவைத்து எடுத்துக்கொண்டே போனார். எட்டாம் வகுப்பில் ஒரு மலைப் பெண் அன்று வரவில்லை. ஊருக்குப் போனவள் திரும்பியிருக்கவில்லை. படக்காரரிடம் நான் சொன்னேன். அவரும் தலையாட்டினார். ஆனால் அட்டைகள் வந்தபோது, அவள் இடத்தில் அடுத்தவள் முகம், அடுத்தவள் இடத்தில் அதற்கடுத்தவள் முகம் என்று வகுப்பு முடிகிற வரைக்கும் சரிந்துகொண்டே போயிருந்தது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஒருத்தி முகத்தை இன்னொருத்தி கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானமெல்லாம் ஓடினார்கள்.

திருப்பி அனுப்பினேன். சரிசெய்து கொண்டுவந்தார்கள். எல்லாருக்கும் அவரவர் முகம் வந்துவிட்டது, அந்த மலைப் பெண்ணைத் தவிர. அவளுக்குத்தான் படமே இல்லையே! அடுத்தவள் முகமே அவள் அட்டையில் நின்றுவிட்டது. மறுபடி சொன்னேன். "அடுத்த செட்டு அடிக்கும்போது போட்டுத் தர்றோம்" என்றார்கள். அந்த அடுத்த செட் வரவே இல்லை. ஒரு பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டு வா என்று அவளிடம் சொன்னேன். சரிங்க டீச்சர் என்றாள். படம் எடுக்க வேண்டுமென்றால் அவளை யாராவது டவுனுக்குக் கூட்டிப்போக வேண்டும். யார் கூட்டிப்போவார்கள்?

கருவிக்கு முகம் தேவைப்படவில்லை. பார்கோடு பட்டால் போதும், கீச்சென்று கத்திவிட்டுப் பெயரைக் காட்டும். அவள் மேசைக்கு முன் வந்து நின்று, அட்டையை நீட்டி, "நாந்தான் டீச்சர், மூஞ்சி மட்டும் வேற" என்பாள். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். ஒல்லிப் புத்தகமாகப் பார்த்துத்தான் எடுப்பாள். விடுதியில் விளக்கை அணைப்பதற்குள் முடிய வேண்டும் என்பாள். விடுகதைப் புத்தகம் ஒன்றை முடித்துவிட்டு மறுபடி மறுபடி எடுத்துக்கொண்டு போனாள். அரையாண்டு விடுமுறைக்குப் போகும்போதும் அதுதான் அவள் கையில் இருந்தது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று அவள் ஊர்ப் பெண்கள் யாரும் வரவில்லை. மறுநாள் வந்தவர்கள்தான் சொன்னார்கள். மரவள்ளி பிடுங்கும் வேலை நடந்துகொண்டிருந்திருக்கிறது. அடுக்கி வைத்திருந்த குச்சியை எடுக்கப் போனவளைப் பாம்பு கடித்துவிட்டது. சாலைவரை தூக்கி வந்து, காய்கறி ஏற்றிக்கொண்டு வந்த ஒரு வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். மலைப்பாதை வளைவுகளைத் தாண்டுவதற்குள் போய்விட்டாள்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து அவளுடைய அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கு வந்தார்கள். தலைமையாசிரியை அவர்களை நூலகத்துக்கு அனுப்பிவைத்தார். அம்மா ஒரு துண்டை அவிழ்த்து விடுகதைப் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். "இஸ்கூலு பொஸ்தகங்க. அது பையில கெடந்துச்சி." புத்தகத்தின்மேல் அந்த அட்டை இருந்தது. நான் பழக்கத்தில் கருவியை எடுத்து அதன்மேல் வைத்தேன். கீச்சென்றது. புத்தகம் திரும்பிவிட்டதாகத் திரையில் அவள் பெயரும், பக்கத்தில் மற்றவள் முகமும் வந்தன. சட்டென்று திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அம்மா அதைக் கவனிக்கவில்லை. அட்டையைக் காட்டி மெதுவாகப் பேசினாள்.

"இதுல வேற பொண்ணு இருக்குதுங்க டீச்சர். தெரியுங்க. மாறிப்போச்சின்னு எம் பொண்ணே சொல்லிச் சிரிச்சிச்சி. அப்ப அந்தப் பொண்ணு அட்டையில எம் பொண்ணு இருக்குமில்ல? இத அதுங்கிட்ட குடுத்துட்டு, அத எங்களுக்குக் குடுங்க. வூட்ல ஒரு போட்டோ கூட இல்லீங்க."

அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த அடுத்த பெண்ணை வகுப்பிலிருந்து வரச் சொன்னேன். அவள் ஓடிவந்து, இவர்களைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டாள். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். இரண்டையும் மேசைமேல் வைத்தேன். ஒரே முகம், ஒரே நீலத் துணி, ஒரே சிரிப்பு.

அம்மா ஒன்றை எடுத்துப் பார்த்தாள். மற்றதை எடுத்துப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"எம் பொண்ணு எங்கங்க?"

"படம் எடுத்த அன்னைக்கு உங்க பொண்ணு ஸ்கூலுக்கு வரலைம்மா. ஊருக்கு வந்திருந்தா. அவளை எடுக்கவே இல்ல."

அவள் உதடு எதையோ எண்ணுவதுபோல் அசைந்தது. அப்பாதான் சொன்னார். "சின்னப் பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லன்னு நீதான நிறுத்திக்கின. திங்கக்கெழம போவலாம்னு."

அவர் குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. ஞாபகம் வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "நாந்தான் நிறுத்திக்கினேன்" என்று ஒரு தடவை சொன்னாள். அந்தப் பெண் தன் அட்டையை எடுத்துக்கொள்ளலாமா கூடாதா என்று தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை வகுப்புக்கு அனுப்பினேன். அட்டையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவள் படம் எங்காவது இருக்கிறதா என்று அன்று சாயங்காலம்வரை தேடினோம். அலுவலகக் கோப்பிலும் அந்த மாறிய படம்தான் இருந்தது. ஆதார் எடுத்தபோது அவள் மடியில் உட்காரும் குழந்தை. கடைசியில் ஆசிரியைகளின் கைபேசிகளில் இருந்த விழாப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். சுதந்திர தினக் கொடியேற்றத்தில் பின்வரிசையில் அவள் இருந்தாள். வெயிலுக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள். முன்னால் நின்றவளின் பின்னல் அவள் முகத்தில் பாதியை மறைத்திருந்தது. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகக் கலைந்துபோனது.

"அதுதாங்க" என்றார் அப்பா. "அது போதும்."

அது போதாது என்று எனக்குத் தோன்றியது. அந்த வாரக் கடைசியில் அவரைக் கள்ளக்குறிச்சிக்கு வரச் சொல்லி, பேருந்து நிலையத்துப் பக்கம் இருக்கும் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த இளைஞன் படத்தைப் பார்த்துவிட்டு, "பாதி மூஞ்சி இருந்தா போதும் டீச்சர். இப்பல்லாம் ஏஐ இருக்குது, மீதிய அதுவே போட்டுக்கும்" என்றான். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு பெண் வந்தாள். சிவப்பாக, கன்னம் பளபளக்க, பெரிய கண்களால் எங்களை நேராகப் பார்த்தாள்.

"கலர் ஜாஸ்தியா இருக்குதுப்பா, கம்மி பண்ணு" என்றேன். செய்தான்.

"புருவம் சேந்திருக்குமா, தனியா இருக்குமா? தாடை இன்னா மாதிரி? நீங்க சொல்லச் சொல்ல மாத்திடலாம்" என்று என்னைத்தான் கேட்டான். படித்தவள், டீச்சர், தினமும் பார்த்தவள் என்று.

யோசித்துப் பார்த்தேன். மேசைக்கு அந்தப்பக்கம், கை எட்டும் தூரத்தில் எத்தனையோ முறை நின்றிருக்கிறாள். எனக்கு அவளுடைய வகிடு ஞாபகம் இருந்தது. அட்டையை நீட்டுகிற விரல், நகத்தில் மரவள்ளிப் பால் காய்ந்த கறை, அந்தக் குரல், எல்லாம் ஞாபகம் இருந்தது. புருவம் தெரியவில்லை. வரிசை நீளமாக இருக்கும், மணி அடித்துவிடும். நான் அட்டையையும் திரையையும்தான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"மூக்கு எம் மூக்குன்னு சொல்லுவாங்க" என்றார் அப்பா. சொல்லிவிட்டு அந்த இளைஞனுக்குத் தெரிகிறமாதிரி முகத்தை வெளிச்சத்துப் பக்கம் தூக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் நின்றார். அவன் அவர் மூக்கைப் பார்த்துப் பார்த்துத் திரையில் இருந்த மூக்கைத் திருத்தினான். அவன் முடிக்கிறவரை அவர் முகத்தை இறக்கவில்லை.

"இப்ப உங்க பொண்ணு மாதிரி இருக்குதாங்க?"

அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"ஒரு பொண்ணு மாதிரி இருக்குதுங்க" என்றார்.

சட்டம் போட்டு வாங்கிக்கொண்டார். கொடியேற்றப் படத்தையும் உள்ளபடியே ஒரு பிரதி எடுத்து அவர் பையில் வைத்தேன். மலைக்குப் போகும் பஸ்ஸில் அந்தச் சட்டத்தை மடியில் குப்புற வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மே மாதம் பிள்ளைகள் சேர்க்கைக்காக நாங்கள் ஊர் ஊராகப் போவோம். அந்த முறை அவள் ஊருக்கு நானாகவே கேட்டுப் போனேன். பஸ் நிற்கிற இடத்திலிருந்து சாமைக் காட்டு வழியாக நடக்க வேண்டும். சாமை அறுத்து முடிந்து நிலம் வெறுமையாகக் கிடந்தது. வீட்டில் அம்மாவும் சின்ன மகளும் மட்டும் இருந்தார்கள். அப்பா கேரளாவுக்குத் தோட்ட வேலைக்குப் போயிருந்தார்.

சுவரில் அந்தப் படம் மாட்டியிருந்தது. பிளாஸ்டிக் மாலை, மேலே ஒரு சின்ன பல்பு. அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இன்னொரு படம் எங்கே என்று கேட்டேன்.

"மழையில கூர ஒழுவிடுச்சிங்க. மை கலஞ்சி ஒன்னும் தெரில."

கைபேசியில் இருக்கிறது, மறுபடி எடுத்துத் தருகிறேன் என்றேன். சரி என்று தலையாட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஒன்னு சொல்றேங்க. மொதல்ல கண்ண மூடுனா எம் பொண்ணு வந்து நிக்கும். இப்ப இதான் வருது டீச்சர். எம் பொண்ணு வர மாட்டேங்குது."

"கழட்டி வெச்சிடட்டுமாம்மா?"

"வேணாங்க. அவரு வுட மாட்டாரு. வேலைக்குக் கெளம்பறப்ப இதப் பாத்துதான் சொல்லிக்கினு போனாரு."

வந்த வேலையைப் பேசினேன். சின்னவள் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். விடுதியில் இடம் இருக்கிறது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அம்மா எழுந்து போய்ச் சின்னவளைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"உங்க போனுல இத எடுங்க."

எடுத்தேன். சின்னவள் வெட்கத்தில் நெளிந்தாள்.

"கிட்ட வந்து எடுங்க. இந்தப் பக்கம் எடுங்க. அந்தப் பக்கம். ஏய், ஆடாம நில்லு!" என்று அதட்டினாள். கன்னத்தில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். சின்னவளுக்குச் சிரிப்பு நின்று பயம் வந்துவிட்டது. அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "பின்னாடியும் எடுங்க டீச்சர்" என்றாள் அம்மா. "நடந்து போறப்ப எப்டி இருக்கும்னு தெரியணுமில்ல." சின்னவளைத் திரும்பி நடக்கச் சொன்னாள். அவள் வெறும் காலோடு, தோளைக் குறுக்கிக்கொண்டு காட்டைப் பார்த்து நடந்தாள். போதும் என்று அம்மா சொல்லும்வரை நான் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

எல்லாவற்றையும் ஸ்டுடியோவில் கொடுத்து அச்சிட்டு, அந்தக் கொடியேற்றப் படத்தையும் கண்ணாடித்தாள் போட்டு ஒட்டி, மலை பஸ் நடத்துநரிடம் கொடுத்தனுப்பினேன். வீட்டிலேயே போய்க் கொடுத்துவிட்டதாக அவர் சொன்னார். நூலகக் கணினியிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடச் சொல்லி உத்தரவு வந்தது. எடுத்துவிட்டேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. சேர்க்கைக்கு அந்த ஊரிலிருந்து சில பெண்கள் வந்தார்கள். சின்னவள் வரவில்லை. அம்மா அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். காட்டு வேலைக்கும் கண்ணில் படுகிற தூரத்துக்கு மேல் விடுவதில்லையாம். இரண்டு முறை ஆள் அனுப்பிப் பார்த்தேன். மூன்றாவது முறை நானே போனபோது வீடு பூட்டியிருந்தது. எல்லாருமாகக் கேரளாவுக்கே போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.