எல்லோரும் வெளியே போன நேரம்

பேசாலையில் எங்கள் வீட்டில் மாமி, இரண்டு மச்சாள்மார், அவர்களின் பிள்ளைகள், என் கணவர், நான் என்று எப்போதும் ஆள் நிறைந்திருக்கும். குளிக்கப் போனாலும் கிணற்றடியில் யாராவது கதைத்துக்கொண்டு நிற்பார்கள். இருமல் நிற்காமல் எக்ஸ்ரே எடுத்து, சுவாசப்பையில் புற்றுநோய் என்று டொக்டர் சொன்னபோதும் அந்தச் சின்ன அறைக்குள் எங்கள் வீடே நின்றது.

கட்டி நெஞ்சுச் சுவரோடு ஒட்டியிருந்ததால் கடல் தாண்டிச் சென்னைக்குப் போகச் சொன்னார்கள். நானும் கணவரும் போனோம். அங்கே சத்திரசிகிச்சை செய்யவிருந்தவர் ஒரு பெண் டொக்டர். கட்டியை எடுத்ததும், நெஞ்சைத் தைத்து மூடுவதற்கு முன்பே, அது ஒட்டியிருந்த இடத்துக்கு மட்டும் கதிர்வீச்சுக் கொடுப்பார்களாம். படம் கீறிக் காட்டினார்.

"அந்த நேரம் என்னோட ஆர் நிப்பினம்?" என்று கேட்டேன்.

"யாரும் நிக்க மாட்டோம்மா. கதிர் எங்க மேல படக்கூடாதுன்னு அந்தக் கொஞ்ச நேரம் எல்லாரும் வெளியே போயிடுவோம். கேமராவுல உங்களையேதான் பாத்துட்டு இருப்போம்."

கணவரின் முகம் செத்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"கலியாணம் கட்டின பிறகு இப்பத்தான் எனக்கெண்டு ஒரு அறை கிடைக்குது. அதையும் நித்திரையில விடப்போறன்" என்றேன். டொக்டரும் சிரித்தார்.

மேசையில் படுத்து, மயக்க மருந்து ஏறும்போதுதான் பயம் வந்தது. மாமியின் சத்தமாவது கேட்டால் நல்லது என்று நினைத்தேன்.

கண் விழித்தபோது விலாவெல்லாம் நெருப்பாய் நொந்தது. எல்லாம் நல்லபடி முடிந்திருந்தது. வெளியே போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்களா என்று கணவர் டொக்டரிடம் கேட்டிருக்கிறார்.

ஊருக்கு வந்ததும், கதிர் உடம்பில் ஒட்டியிருக்கும் என்று இளைய மச்சாள் தன் கைக்குழந்தையை என் பக்கம் கொண்டுவரவில்லை. மெஷின் நின்றதோடு கதிரும் நின்றுவிடும் என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டுத் தூரத்திலேயே நின்றாள்.

ஒருநாள் பின்னேரம் மற்றவர்கள் மாதா கோயிலுக்கு நவநாள் செபத்துக்குப் போயிருந்தார்கள். அடுப்பில் எண்ணெய் கொதித்தது, குழந்தை இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுதது. இளைய மச்சாள் சுற்றிப் பார்த்தாள்; வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை.

"ஒருக்காப் பிடியுங்கோ மச்சாள்" என்று என் மடியில் போட்டுவிட்டு ஓடினாள். மீன் பொரித்து முடிந்த பிறகும் அவள் குழந்தையைக் கேட்டு வரவில்லை. அது என் தையலில் உதைத்தது. மற்றப் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டேன்.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கட்டி திரும்பி வரவில்லை.