நூர்ஜஹான் அம்மா நடந்த பத்தடி

நோயாளிகள் தனியாக வந்து தனியாகப் போவது, இங்கிலாந்தின் இந்த லீட்ஸ் நகரத்து மருத்துவமனையில் எனக்கு இன்னும் பழகவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முட்டி அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆன ஒரு மூதாட்டி ஊன்றுகோலோடு பஸ் பிடித்து வந்திறங்கினார். "கூட யார் வந்திருக்கிறார்கள்?" என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கியது. "துணை தேடும் நிலைமைக்கு நான் இன்னும் வரவில்லை" என்றார். அக்கறையாகக் கேட்டது அவருக்கு அவமதிப்பாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதன்பிறகு அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்பதில்லை.

வரதராஜன்பேட்டைப் பக்கத்தில் பிறந்தவள் நான். பிசியோதெரபி படிப்பின் கடைசி வருடத்தில், பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ஒரு கிளினிக்கில் இன்டர்ன்ஷிப் செய்தேன். அங்கே ஒரு நோயாளிக்கு நாலு பேர் துணைக்கு வருவார்கள். லெப்பைக்குடிகாட்டிலிருந்து வந்த நூர்ஜஹான் அம்மாவுக்கும் அப்படித்தான். ஐம்பது வயதுக்குள்ளேயே பக்கவாதம் வந்து, இடது கையும் காலும் தளர்ந்திருந்தன. கணவர் சவூதியில் ஒரு கடையில் வேலை பார்த்தார். கணவரின் தங்கை சபுராதான் எல்லாமே. தண்ணீர் டம்ளரைப் பிடிப்பதும், செருப்பு மாட்டிவிடுவதும், நான் தூக்கச் சொன்ன கையைத் தூக்கிக்காட்டுவதும்கூட அவர்தான். ஒரு மாதமாகியும் முன்னேற்றமில்லை.

ஒரு நாள் சபுரா மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரத்தில், "கை சரியானா மொதல்ல என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டேன். நூர்ஜஹான் அம்மா வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவரு தெனமும் போன் பண்றாரு. சபுராதான் போனப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். சுத்தி வூடே நிக்கும். படுத்ததுலேர்ந்து அவர்ட்ட தனியா ஒரு வார்த்த பேசல கண்ணு. போன எடுத்துக்கிட்டு நானே உள்ள போயிக் கதவச் சாத்திக்கணும்."

வலது கையில் ஊன்றுகோல் இருக்கும். அதனால் போன் இடது கையில்தான் இருந்தாக வேண்டும். மறுநாள் சபுராவை வெளியே உட்காரச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "கீழ விழுந்தா நீ வந்து தூக்குவியா? எங்க அண்ணனுக்கு யாரு பதில் சொல்றது?" என்று நேராக சாரிடம் போய்விட்டார். சார் என்றால் கிளினிக்கை நடத்தியவர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு இன்டர்ன்ஷிப் முடிந்த கணக்கு. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"அவங்களை ஏம்மா வெளிய அனுப்புன?" என்றார்.

"அவங்க இருக்குற வரைக்கும் இவங்க கைக்கு வேலையே இல்ல சார்."

போனைப் பற்றி நான் சொல்லவில்லை. அது நூர்ஜஹான் அம்மாவின் அந்தரங்கம். "ரெண்டு மாசம் பாப்போம். ஒரு தடவ விழுந்தாங்கன்னாலும் நீதான் பொறுப்பு" என்றார் சார்.

சபுரா வெளியே உட்கார்ந்தார்; நாங்கள் தீப்பெட்டியில் தொடங்கினோம். பிறகு சோப்பு டப்பா. அதை இடது கையில் பிடித்துக்கொண்டு நிற்பது, ஒரு அடி வைப்பது, திரும்புவது. டப்பா எத்தனை முறை விழுந்தது என்று எனக்கு நினைவில்லை. நூர்ஜஹான் அம்மா ஒரு முறைகூட விழவில்லை. பின்னாலேயே, அவர் இடுப்பைத் தொடாமல் தொட்டபடி நான் நடந்தேன்.

இரண்டு மாதம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. பயிற்சி முடிந்து கிளம்பும் நேரம், போன் அடித்தது. சபுரா வழக்கம்போலக் கையை நீட்டினார். "நானே எடுத்துக்கறேன்" என்றார் நூர்ஜஹான் அம்மா. போனை வலது கையால் எடுத்து, இடது உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார். ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார். நான் கூடப் போகவில்லை. பத்தடி தூரத்தில் திரை போட்ட அறை. அங்கே போய்ச் சேர்ந்து, முழங்கையாலேயே திரையைத் தள்ளி மூடிக்கொண்டார். உள்ளே அவர் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு சிரிப்பு மட்டும் கேட்டது.

சபுரா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா நானே வெளிய போயிருப்பேனே" என்றார். கண் கலங்கியிருந்தது. அவர் செய்ததும் அன்புதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பார்த்துக்கொண்டிருந்த சார் தினசரிப் பயிற்சிகளைக் குறித்துவைக்கும் என் லாக் புத்தகத்தை வாங்கி, அன்றைய பக்கத்தில் தன் கையாலேயே 'தனியாக நடந்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இங்கே பிறகு வாங்கிய சான்றிதழ்களைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை மட்டும் பாஸ்போர்ட்டோடு பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கூட்டத்தை வெளியே அனுப்பக் கற்றுக்கொண்டு வந்தவளுக்கு, இந்த ஊரில் வெளியே அனுப்ப ஆளே இல்லை. தினமும் காலையில் என் அறையில் நோயாளியின் நாற்காலிக்குப் பக்கத்தில், துணைக்கு வருபவருக்கென்று இன்னொரு நாற்காலியை இழுத்துப் போடுகிறேன். மாலையில் யாரோ அதைச் சுவரோரம் தள்ளிவிடுகிறார்கள். போன வாரம் உடன் வேலை செய்யும் பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "யாராவது வருகிறார்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வருவார்கள்" என்றேன்.