கடல் இல்லாத ஊரில் கடல் சேறு

தண்ணீரையும் மண்ணையும் சோதித்துச் சொல்வது என் தொழிலாக இருந்தது. நல்ல சேதி சொன்னால் "அதான் தெரியுமே" என்பார்கள், கெட்ட சேதி சொன்னால் "மிஷினைப் பாருங்க" என்பார்கள். இந்தத் தொழிலில் இருந்து சலித்தவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

லாரி

தொண்ணூறுகளின் கடைசியில், கோயமுத்தூர் மேட்டுப்பாளையம் ரோட்டில் இருந்த எங்கள் சிறிய பரிசோதனைக்கூடத்துக்குச் சாயப்பட்டறைத் தண்ணீரும் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரும்தான் வரும். ஒருநாள் முதலாளி வேலுச்சாமி சார் ஒரு புது வேலையைப் பிடித்து வந்தார். ஆலைப் புகையில் இருக்கும் கரியமில வாயுவைப் பிரித்துக் கடலுக்கு அடியில், பாறைக்குள் செலுத்தி அடைத்துவைக்கலாம் என்று உலகத்தில் பேச்சு எழுந்திருந்த காலம். அது கசிந்தால் கடலடிச் சேறு என்னவாகும், அதில் வாழும் உயிர்கள் என்னவாகும்? இதுதான் கேள்வி. நாங்கள் "ஒன்றும் ஆகாது" என்று சொன்னால், அதை நம்பி ஏதோ ஒரு கரையில் வாயுவை இறக்குவார்கள்.

தூத்துக்குடியிலிருந்து பீப்பாய்களில், புழுவும் சிப்பியும் உயிரோடிருந்த கடலடிச் சேறும் கடல்நீரும் வந்து இறங்கின. லாரிக்காரர் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டார். "ஏனுங்க அம்மணி, மீனா இருந்தாக்கூட கொழம்பு வெக்கலாம். இத வாங்கி என்னங்க பண்ணப்போறீங்க?"

கோலி

நான்கு கண்ணாடித் தொட்டிகள். இரண்டில் சேற்றுக்கு அடியிலிருந்து வாயு கசியும். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டைச் சும்மா விட்டோம். வாயு சிலிண்டர் தந்தவர் பெரியநாயக்கன்பாளையத்தில் சோடாக் கம்பெனிகளுக்கு சப்ளை செய்பவர். சேற்றிலிருந்து குமிழி வருவதைப் பார்த்து, "இந்தச் சோடாவ யாருங்க குடிப்பா?" என்றார்.

கடலுக்கு அடியில் வாயு, அதன்மேல் கோலிபோல அடைத்து நிற்கும் பாறை, ஏறக்குறைய உங்கள் கோலி சோடாதான் என்று விளக்கினேன். அவர் குனிந்து தொட்டியின் கண்ணாடியை விரலால் தட்டினார். "அத்தாம்பெரிய கோலிக்கு யாருங்க கேரண்டி குடுப்பா?"

சிறுவாணி

ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினால், சும்மா விட்டிருந்த இரண்டு தொட்டிகளிலும் எல்லாப் புழுவும் செத்துக் கிடந்தது. வாயு விட்ட தொட்டிகளில் இருந்தவையோ பிழைத்திருந்தன. அப்படியே எழுதியிருந்தால், வாயு கடலுக்கு நல்லது என்று உலகத்துக்கு நிரூபித்திருப்போம்.

நடந்தது இதுதான். கூட்டிப் பெருக்கும் சரசக்கா, குமிழி வராத தொட்டிகளில் தண்ணீர் நாறுகிறதே என்று இரக்கப்பட்டு, உப்புத்தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டுத் தன் வீட்டிலிருந்து தூக்கிவந்த, ருசிக்குப் பேர்போன சிறுவாணிக் குடிதண்ணீரை ஊற்றியிருந்தார். கோயமுத்தூர்க்காரர்களால் அதைவிடப் பெரிய மரியாதையை எந்த உயிருக்கும் செய்ய முடியாது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அவருக்குத்தான் கோபம். "நாங்களே கொடத்தோட காத்துக் கெடந்து புடிக்கற தண்ணிங்க அம்மணி. அதுங்களுக்குக் குடுத்துவெக்கலீங்க!"

வெளியே வந்தவை

மறுபடியும் லாரி, மறுபடியும் சேறு. முதலில் ஒன்றும் ஆகவில்லை. சேற்றில் கலந்திருந்த சிப்பித் தூள் தன்னைக் கரைத்துக் கரைத்து, வாயு நீரில் கரைந்து உண்டாகும் அமிலத்தைத் தாங்கிக்கொண்டது. வேலுச்சாமி சார் முகம் மலர்ந்தது. பிறகு அந்தத் தூள் தீர்ந்தது. சேற்றோடு ஒட்டிக் கிடந்த உலோகங்கள் கரைந்து நீருக்கு வந்தன. உயிருள்ள சிப்பிகளின் ஓடு சுண்ணாம்பு பூத்தாற்போல் வெளுத்தது.

ஒரு காலையில் புழுக்களெல்லாம் வளையைவிட்டு ஏறிவந்து சேற்றின்மேல் நீண்டு கிடந்தன. சத்தமே இல்லை. சத்தம் போடத் தெரியாத உயிர்களின் சாவைப் பார்ப்பது கொஞ்சம் கடினம். சும்மா விட்ட தொட்டிகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. சரசக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து பார்த்தார். "ஊட்ட உட்டுப்போட்டு வாசல்ல வந்து படுத்திருக்குதுங்களே அம்மணி, பாவம்."

ஒரு சொல்

வாயுவை நிறுத்தினோம். சேற்றின்மேல் நின்ற நீர் சீக்கிரமே பழைய நிலைக்கு வந்தது, சேறு திரும்பவில்லை. வேலை கொடுத்தவர்களின் அதிகாரி சென்னையிலிருந்து வந்து தெளிந்த நீரைப் பார்த்துப் பூரித்துப்போனார். "மேடம், 'பாதிப்பு தற்காலிகம்'னு முடிச்சுடலாமே? அடுத்த வேலையும் உங்களுக்கே தர்றோம்."

"தண்ணீருக்குத் தற்காலிகம்தான் சார். சேற்றுக்கு எவ்வளவு நாளென்று இன்னும் தெரியாது. புழுவுக்கு முடிந்துவிட்டது. மூன்றையும் எழுதுவேன், அதில் ஒன்றை மட்டும் எடுத்து எழுத மாட்டேன்" என்றேன்.

அதிகாரி முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். வேலுச்சாமி சார் அந்த வேலையை எவ்வளவு நம்பியிருந்தார் என்பது எனக்குத் தெரியும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னிடம் சொன்னார்: "மூணையும் போட்டுருங்கம்மா. நமக்குச் சாயத்தண்ணி இருக்குது, பொழச்சுக்கலாம்."

அடுத்த வேலை வரவில்லை. ஆனால் அடியில் போட்டது அடியிலேயே கிடக்கும் என்று இன்றைக்கு யார் சொன்னாலும், எதைப் பற்றிச் சொன்னாலும், கோலி எங்கே என்றுதான் முதலில் கேட்கிறேன்.